மருத்துவச் சிக்கல் மிகுந்த குழந்தைகளின் குடும்பங்களுக்கு ஓர் அறக்கட்டளை: தொடங்குவது முதல் நடத்துவது வரை

முதல் வருடத்தில் நாங்கள் ரொம்பப் பெருமையாகக் கொடுத்த பொருள் சக்‌ஷன் குழாய்கள். மூச்சுக்குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க உள்ளே விடும் மெல்லிய குழாய் அது. ஒரு நன்கொடையாளர் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தார். நாங்களும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டோம். எல்லாமே 14 ஃபிரெஞ்ச் அளவு. ஃபிரெஞ்ச் என்பது குழாயின் வெளிவிட்டத்தைக் குறிக்கும் கணக்கு, 3 ஃபிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அப்படிப் பார்த்தால் 14 என்பது நாலரை மில்லிமீட்டருக்கும் மேல். கழுத்தில் 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டிரக்கியாஸ்டமி குழாய் (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைப்பது) வைத்திருக்கும் குழந்தைக்கு அது உள்ளேயே நுழையாது. "அண்ணா, இது பெரியவங்களுக்குப் போடுறது, எங்க பாப்பாவுக்கு 8தான்" என்று ஒரே ஒரு அம்மா சொன்னார். மற்ற எல்லோரும் "ரொம்ப நன்றி" என்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்கள், அடுத்த முறை உதவி கேட்க வேண்டியிருக்குமே என்று.

அறக்கட்டளையைத் தொடங்கிய அக்காவுக்கு இது பார்த்தவுடனே தெரிந்திருக்கும், அவருடைய மகனுக்கும் அதே குழாய்தான். ஆனால் அந்த வாரம் அவர் மகனோடு ஐசியுவில் இருந்தார். இருந்தது நான், கணக்கு எழுத வந்தவன், அப்புறம் இரண்டு உற்சாகமான தொண்டர்கள்.

அன்றிலிருந்து எதைச் செய்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறோம்: இது அந்த வீட்டில் ஒரு வேலையைக் குறைக்கிறதா, இல்லை கூட்டுகிறதா? கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான். புதிதாகத் தொடங்குபவர்கள் வரிசையாகப் படிக்கலாம். ஏற்கெனவே நடத்துபவர்கள் நேராக ஐந்தாவது படிக்கே போய்விடலாம்.

1. யாருக்காக என்று எழுதி வையுங்கள்

"நோயுள்ள குழந்தைகளுக்கு உதவுகிறோம்" என்று பொதுவாகத் தொடங்கினால் ஆறே மாதத்தில் திணறிப்போவீர்கள். 2011-இல் குழந்தை மருத்துவர்கள் சிலர் இந்தக் குழந்தைகளை அடையாளம் காண நான்கு குறிகளைச் சொன்னார்கள்: நீண்ட நாள் நீடிக்கும் கடுமையான நோய்நிலை, குடும்பத்தின் தலையில் விழும் பெரும் பராமரிப்புத் தேவை, குழாயையோ கருவியையோ நம்பியிருக்கும் அளவுக்கு உடல் செயல்பாட்டில் குறைவு, மருத்துவமனைக்கு ஓயாத நடை. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு உங்கள் சொந்த வரியை எழுதிக்கொள்ளுங்கள்.

நோயின் பெயரை வைத்து மட்டும் வரம்பு போடாதீர்கள். மரபணுச் சோதனை வரை எல்லாம் எடுத்தும் பெயர் தெரியாத குழந்தைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர் தெரிந்த நோய்களுக்குச் சங்கம் இருக்கும், ஆய்வாளர் இருப்பார், வருடத்தில் ஒரு நாளாவது அதற்கென்று ஒதுக்கியிருப்பார்கள். பெயர் தெரியாத குழந்தையின் அம்மாவுக்கு எந்த வாசலில் நிற்பது என்றே தெரியாது. அதனால் "என்ன நோய்" என்பதைவிட "வீட்டில் என்ன செய்ய வேண்டியிருக்கிறது" என்று கேட்பது நியாயமாக இருக்கும்.

வயது வரம்பையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 18 முடிந்த மறுநாள் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், பத்து வருடம் பார்த்த மருத்துவர் கைவிட்டுப் போவார், அதே நாளில் நீங்களும் கைவிட்டால் எப்படி? நாங்கள் 21 வரை என்று வைத்திருக்கிறோம். கடைசி இரண்டு வருடம் புது இடத்துக்கு ஆவணங்களை மாற்றிக் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை.

2. எதுவும் தொடங்கும் முன் பதினைந்து குடும்பங்களிடம் பேசுங்கள்

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். பதில் வராது, வந்தாலும் "எதுவானாலும் பரவாயில்லை" என்றுதான் வரும். "நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை என்னென்ன செய்தீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள்.

ஒரு அம்மா எங்களுக்குச் சொன்னது இது. ராத்திரி பத்துக்கு, குழாய் வழியாக உணவு செலுத்தும் ஃபீடிங் பம்ப் போட்டாகிவிட்டது. பன்னிரண்டரைக்கு பம்ப் கத்துகிறது, குழாய் மடங்கியிருக்கிறது. ஒன்றரைக்குச் சளி, சக்‌ஷன். மூன்றுக்கு வலிப்பு மருந்து, அதற்கு அலாரம் வைத்திருக்கிறார், ஆனால் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுகிறாராம். நாலரைக்கு ஆக்சிமீட்டர் கத்துகிறது, பார்த்தால் காலில் ஒட்டியிருந்த சென்சார் கழன்றிருக்கிறது. ஆறு மணிக்குப் பெரியவனைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும். இதையெல்லாம் ஒரு புகாரும் இல்லாமல், பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார். கடைசியில் நாங்கள் கிளம்பும்போது, "ஒரு நாள் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினால் போதும்" என்றார். அவர் வீட்டுக்கு நாங்கள் கொண்டுபோயிருந்தது ஒரு பொம்மை.

பேசும்போது அப்பாக்களையும் தனியாகப் பிடியுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் அவர்கள் கடனைப் பற்றி வாயே திறப்பதில்லை. அண்ணன் தங்கைகளிடமும் பேசுங்கள், அதுவும் தனியாக.

3. ஒன்றை எடுங்கள், ஒழுங்காகச் செய்யுங்கள்

பேசி முடித்ததும் உங்கள் முன்னால் ஐந்து வகைத் தேவைகள் இருக்கும்: பணம், கருவி, நேரம், ஆவண வேலை, துணை. ஐந்தையும் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள்.

உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ், அதாவது குணப்படுத்த முடியாத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லம், எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் இது புரியும். இங்கிலாந்தில் ஹெலன் என்ற சிறுமி, மூளைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை ஆனபின் முழுநேரப் பராமரிப்பு தேவைப்படும் நிலையில் வீட்டில் இருந்தாள். குடும்பத்துக்கு நட்பான ஒரு கன்னியாஸ்திரி, அவ்வப்போது குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றார். அவ்வளவுதான் தொடக்கம். அந்த ஏற்பாடு மற்றக் குடும்பங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று எழுந்ததுதான் 1982-இல் ஆக்ஸ்ஃபோர்டில் திறந்த ஹெலன் ஹவுஸ்.

நீங்கள் எதை எடுப்பது என்பது உங்களிடம் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. செவிலியர்கள் இருந்தால் நேரம் கொடுக்கலாம். கருவி பழுது பார்க்கத் தெரிந்தவர் இருந்தால், கருவிகளைச் சேர்த்துக் கடன் கொடுக்கும் கருவி வங்கி. என்னை மாதிரி ஃபைலும் பேனாவுமாக இருப்பவர்கள் மட்டும்தான் என்றால் ஆவண வேலை. கடைசியாகச் சொன்னதைக் கேவலமாக நினைக்காதீர்கள், காப்பீட்டுக்கு எழுதுவதும், சான்றிதழுக்கு அலைவதும், மறுத்த கோரிக்கைக்கு மேல்முறையீடு போடுவதும் ஒரு குடும்பத்தின் வாரத்தில் பாதியைத் தின்கிற வேலை.

சில சமயம் ஒரு குடும்பம் தாளோடு போராடியது எல்லோருக்குமான வழியாகிவிடும். அமெரிக்காவில் 1978-இல் பிறந்த கேட்டி பெக்கெட் என்ற குழந்தை மூளை அழற்சியால் வென்டிலேட்டரை நம்பி மருத்துவமனையிலேயே வளர்ந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை வந்தபோது ஒரு சிக்கல்: மருத்துவமனையில் இருந்தால் அரசு பணம் கொடுக்கும், அதைவிடக் குறைந்த செலவில் வீட்டில் வைத்துப் பார்த்தால் கொடுக்காது. பெற்றோர் விடாமல் முயன்று, 1981-இல் அதிபர் ரீகன் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே இதைப் பேச, விதி தளர்ந்து, அவள் வீட்டுக்கு வந்தாள். அவளைப் போன்ற குழந்தைகளுக்கு இன்றும் அந்த வழி அவள் பெயரால்தான் அறியப்படுகிறது. அவளுடைய அம்மா ஜூலி பின்னாளில் இத்தகைய குடும்பங்களுக்கான அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

4. பதிவு, டிரஸ்டிகள், வங்கிக் கணக்கு

இதில் ஊருக்கு ஊர் சட்டம் வேறு, ஒரு நல்ல ஆடிட்டரும் வழக்கறிஞரும் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். டிரஸ்டிகளில் பாதிக்குக் குறையாமல் பெற்றோர்கள் இருக்கட்டும், ஆனால் எல்லோருமே பெற்றோராக இருக்க வேண்டாம், அவர்களுடைய குழந்தைகள் எல்லோரும் ஒரே குளிர்காலத்தில் மருத்துவமனையில் சேர்ந்தால் கூட்டம் நடத்த ஆள் இருக்காது. டிரஸ்டியின் குழந்தைக்கு உதவி போகும்போது அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும், அது மினிட்ஸில் பதிவாக வேண்டும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான்.

5. விண்ணப்பப் படிவம்

எங்கள் முதல் படிவம் ஏழு பக்கம். தயாரித்தவன் நான்தான், அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. "குழந்தையின் மருத்துவ வரலாறு" என்று தலைப்புப் போட்டு நாலு கோடு இழுத்திருந்தேன். ஒரு அம்மா அந்த நாலு கோட்டின் மேல் "இடம் போதாது" என்று எழுதி அப்படியே கொடுத்துவிட்டார்.

இப்போது ஒரு பக்கம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, வீட்டில் உள்ள கருவிகளும் குழாய் அளவும், இப்போது என்ன தேவை, எந்தத் தேதிக்குள், எந்த நேரத்தில் போன் செய்தால் எடுக்க முடியும். மருத்துவ விவரத்துக்குக் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். எழுத முடியாதவர்கள் குரல் செய்தி அனுப்பலாம், நாங்கள் நிரப்பி, படித்துக் காட்டி, சரியென்றால் வைத்துக்கொள்வோம். ஒரு முறை கொடுத்த விவரத்தை ஒரு வருடத்துக்குத் திரும்பக் கேட்பதில்லை. தன் குழந்தை பிறந்த அன்று என்ன நடந்தது என்பதை அந்தப் பெற்றோர் எத்தனை மேஜைக்கு முன்னால் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள், உங்கள் மேஜையும் அதில் ஒன்றாக வேண்டாம்.

முடிவை மூன்று வேலை நாளில் சொல்லிவிடுங்கள். "இல்லை" என்பதாக இருந்தாலும் போனில், காரணத்தோடு, வேறு எங்கே கேட்கலாம் என்பதோடு சொல்லுங்கள். இழுத்தடிக்கும் "பார்க்கலாம்"தான் எல்லாவற்றிலும் மோசம், அவர்கள் அதை நம்பி வேறு வழி தேடாமல் இருந்துவிடுவார்கள்.

இதோடு சேர்த்து ஒன்று செய்யலாம், செலவே இல்லாதது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்க அவசரத் தாள் தயாரித்துக் கொடுங்கள். நோய்நிலை, மருந்தும் அளவும், ஒவ்வாமை, குழாயின் வகை, அளவு, கடைசியாக மாற்றிய தேதி, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் எண். முக்கியமாக, அந்தக் குழந்தைக்கு "சாதாரணம்" எது என்பது. சில இதயக் குறைபாடுகளில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 75 முதல் 85 சதவீதம் வரை இருப்பதே அந்தக் குழந்தைக்கு வழக்கம். அது தெரியாத ஒருவர் எண்ணைப் பார்த்துப் பதறி ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டே போனால் கெடுதல்கூட ஆகலாம். தாளை நீங்கள் தட்டச்சு செய்யுங்கள், சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் குழந்தையின் மருத்துவர். மேலே தேதி இருக்கட்டும், தேதி இல்லாத அவசரத் தாளை எந்த மருத்துவரும் நம்ப மாட்டார்.

6. பணம் கொடுப்பது

சின்னத் தொகை, சீக்கிரம். இதுதான் எங்கள் அனுபவம். மருத்துவமனை வாசலில் இருக்கும் குடும்பத்துக்குப் போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் அன்றே கிடைக்கும் சிறிய தொகை, மூன்று மாதம் கழித்து வரும் பெரிய தொகையைவிட உதவியாக இருக்கும். இதற்கென்று ஒரு அவசர நிதியைத் தனியாக வைத்து, ஒரு டிரஸ்டி தனியாக முடிவெடுக்கும் உச்சவரம்பு ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தொகைக்கு ரசீது கேட்காதீர்கள். ஆடிட்டர் முகம் சுளிப்பார், வாங்கியதற்கு ஒரு கையெழுத்துப் போதும் என்று அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கருவி, மருந்து மாதிரிப் பெரிய செலவென்றால் கடைக்கோ நிறுவனத்துக்கோ நேராகக் கட்டிவிடுங்கள், குடும்பம் முதலில் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளட்டும் என்பது கையில் காசு இருப்பவர்களுக்கான விதி.

ஒரே ஊசிக்குப் பெரும் தொகை கேட்கும் மரபணு சிகிச்சைக்கான கோரிக்கை எப்படியும் ஒரு நாள் வரும். மனசு கேட்காது. ஆனால் சின்ன அறக்கட்டளை அதில் இறங்கினால் மற்ற நாற்பது குடும்பங்களுக்கும் கதவைச் சாத்த வேண்டிவரும். அந்தக் குடும்பத்துக்கு விண்ணப்பங்கள் எழுத, தயாரிப்பாளரின் உதவித் திட்டம் இருந்தால் தேட ஆள் கொடுங்கள். பணம் திரட்டும் பொறுப்பை உங்கள் கணக்கில் ஏற்றாதீர்கள். இதைச் சொல்வதற்கு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் இப்படித்தான்.

7. கருவி வங்கி

இதைத்தான் எல்லோரும் முதலில் தொடங்குகிறார்கள், இதில்தான் அதிகமாகத் தவறும் நடக்கிறது.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை எடுத்துக்கொள்வோம். அறைக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, வெளியே 90 சதவீதத்துக்கு மேல் செறிவான ஆக்சிஜன் வருகிறது. அந்த மணிகளுக்கு ஈரம் ஆகாது. ஒரு வீட்டில் பயன்படுத்தி, பரணில் எட்டு மாதம் கிடந்து, நன்கொடையாக உங்களிடம் வரும் இயந்திரம் சுவிட்சைப் போட்டதும் நன்றாக ஓடும், சத்தம் வரும், குமிழியும் வரும், ஆனால் வருவது வெறும் காற்றுக்குக் கொஞ்சம் மேல். காதால் கண்டுபிடிக்க முடியாது. இயந்திரத்திலிருந்து வரும் ஆக்சிஜனின் செறிவை அளக்கும் கருவி ஒன்றை வாங்கிவிட்டுத்தான் கான்சன்ட்ரேட்டரை வாங்கத் தொடங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி செறிவு 82 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கொடுக்கும்போது ஒரு முறை அளந்து பாருங்கள், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஃபில்டரைக் கழுவுவது வாரா வாரம் செய்ய வேண்டிய வேலை, அதைக் குடும்பத்துக்கு வாயால் சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும், அவர்களைச் செய்யச் சொல்லியும் பார்க்க வேண்டும்.

மின்சாரம் போனால் என்ன? இதை யோசிக்காமல் கான்சன்ட்ரேட்டர் கொடுப்பது பாதிக் கிணறு தாண்டுவது. கூடவே மாற்று சிலிண்டரோ, போதுமான திறனுள்ள பேட்டரியோ இருக்க வேண்டும், அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை இயந்திரத்தின் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். சக்‌ஷன் மெஷினுக்கும் இதே கதைதான், காலால் மிதிக்கும் வகை ஒன்று மாற்றாக வீட்டில் இருப்பது நல்லது.

பல்ஸ் ஆக்சிமீட்டரில் விரலில் மாட்டும் கிளிப் வகை பெரியவர்களுக்கு. கைக்குழந்தையின் விரலில் அது சரியாக நிற்காது, தப்பான எண் காட்டும், அம்மா ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டே இருப்பார். காலில் சுற்றி ஒட்டும் சென்சார் உள்ளதைக் கொடுங்கள். அந்த சென்சார் தேயும், மாற்ற வேண்டும், ஆகவே மாதாமாதம் செலவு.

வென்டிலேட்டரை நீங்கள் கடன் கொடுக்காதீர்கள், உங்களிடம் பயோமெடிக்கல் பொறியாளர் சம்பளத்துக்கு இருந்தால் ஒழிய. 2021-இல் ஒரு பெரிய தயாரிப்பாளர், சத்தம் குறைக்க வைத்திருந்த ஃபோம் உதிர்ந்து மூச்சில் கலக்கலாம் என்று லட்சக்கணக்கான மூச்சுக்கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். யார் வீட்டில் எந்த சீரியல் எண் இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. எங்கள் பதிவேட்டில் அப்போது "மூச்சு மெஷின், 1" என்றுதான் இருந்தது. அது யாரிடம் போனது என்று தேட ஒன்பது நாள் ஆனது. இப்போது ஒவ்வொரு கருவிக்கும் சீரியல் எண், வந்த தேதி, ஓடிய மணிக்கணக்கு, யாரிடம் இருக்கிறது, கடைசிச் சோதனை எல்லாம் ஒரு எக்செல் தாளில் இருக்கிறது.

ஒரு முறை பயன்படுத்தும் பொருள்களை, அதாவது குழாய், சிரிஞ்ச், ஃபீடிங் பை, பால்மாவு இவற்றை உறை பிரியாமலும் காலாவதி ஆகாமலும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். நன்கொடையாளர் சங்கடப்படுவாரே என்று வாங்கி வைத்தால், கடைசியில் அதைக் குப்பையில் போடும் வேலை உங்களுடையது.

8. தொண்டர்கள்

நல்ல மனசு தகுதி ஆகாது. அடையாளமும் பின்னணியும் சரிபார்க்காமல், இரண்டு பேரிடம் விசாரிக்காமல் யாரையும் ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அனுப்பாதீர்கள். பேச முடியாத குழந்தை தனக்கு நடந்ததைச் சொல்லாது. முதல் ஆறு வருகையும் இரண்டு பேராகப் போக வேண்டும், குழந்தையோடு தனி அறையில் கதவை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது, புகார் சொல்ல டிரஸ்டி அல்லாத ஒருவரின் எண் எல்லாக் குடும்பத்திடமும் இருக்க வேண்டும்.

பயிற்சியில் முதல் நாள் "எதைச் செய்யக் கூடாது" என்பதுதான் எங்கள் பாடம். வாயில் எதையும் கொடுக்கக் கூடாது, ஒரு மிட்டாய்கூட. விழுங்கத் தெரியாத குழந்தைக்கு அது நுரையீரலுக்குள் போகும். வலிப்புக்காகக் கீட்டோஜெனிக் உணவுமுறையில் (மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டியது) இருக்கும் குழந்தைக்கோ இனிப்பு சிரப்கூடக் கணக்கில் சேரும். மருந்து, ஃபீட், சக்‌ஷன் மூன்றும் பயிற்சி பெற்ற செவிலியர் அல்லது பெற்றோர் மட்டுமே. மூக்கு ஒழுகினால் வர வேண்டாம், "லேசான சளிதான்" என்பது இந்த வீடுகளில் ஐசியு வாசலில் முடியலாம். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர ஊர்தி. அந்தக் குழந்தைக்கென்று மருத்துவர் வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படி.

விழா வைத்தால் பலூன் வேண்டாம். இதை நாங்கள் கற்றது ஒரு அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலோடு திரும்பிப் போன பிறகு. முதுகுத்தண்டு முழுமையாக மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா உள்ள குழந்தைகளுக்கு லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை அதிகம், பலூனும் லேடெக்ஸ்தான். மினுக் மினுக் என்று அடிக்கும் விளக்குகளும் வேண்டாம், சில குழந்தைகளுக்கு அதுவே வலிப்பைக் கிளப்பும்.

அப்படியானால் தொண்டர் என்னதான் செய்வது? நிறைய இருக்கிறது. மருந்துக் கடைக்குப் போய் வரலாம். மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கலாம். அண்ணனைக் கால்பந்துப் பயிற்சிக்குக் கூட்டிப்போகலாம், அவன் ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்க்கலாம். எங்கள் பட்டியலில் அதிகமாகக் கேட்கப்படுவது இந்தக் கடைசி ஒன்றுதான். ஒன்றே ஒன்று, வருகிறேன் என்று சொன்ன நாளில் வர வேண்டும். மாதம் ஒரு முறை தவறாமல் வருபவர், வாரம் மூன்று நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டாவது வாரமே காணாமல்போகிறவரைவிட எவ்வளவோ மேல்.

பேச்சிலும் கொஞ்சம் கவனம். "நீங்கள் தெய்வம்", "உங்களால்தான் முடியும், அதனால்தான் உங்களுக்கு வந்தது" இதெல்லாம் வேண்டாம். கேட்பவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரிக்கிறார்.

9. வாட்ஸ்அப் குழு

பெற்றோர் குழு வைத்தால் விதிகளை முதல் நாளே போடுங்கள். மருந்தின் அளவு பற்றிப் பேச்சு கூடாது. அதே எடை, அதே நோய் என்றாலும் சிறுநீரகம் வேறு, கூடப் போகும் மருந்து வேறு. பெற்றோருக்குப் பெற்றோர் சொல்ல வேண்டியவை வேறு இருக்கின்றன: எந்தப் பிளாஸ்டர் தோலை உரிக்காமல் வருகிறது, சக்கர நாற்காலியோடு எந்தக் கழிப்பறைக்குள் நுழைய முடிகிறது என்பது மாதிரி. ஒரு குழந்தை இறந்தால் அந்தச் செய்தியைக் குழுவில் யார், எப்போது போடுவது என்பதையும் முடிவு செய்து வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, அதே நோயுள்ள குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மா அதை முன்னறிவிப்பு இல்லாமல் படிக்கக் கூடாது.

10. படமும் நன்கொடையும்

குழாயும் கண்ணீருமாக ஒரு படம் போட்டால் பணம் வரும், உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து தன் பெயரைத் தேடும்போது முதலில் வருவது அதுவாகத்தான் இருக்கும். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு அந்தரங்கத்தைப் பற்றியது, அது நோயுள்ள குழந்தைக்கும் பொருந்தும். உதவிப் படிவத்தையும் படத்துக்கான ஒப்புதலையும் ஒரே நாளில் நீட்டாதீர்கள். உதவி போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, வேறு ஒருவர் மூலமாகக் கேளுங்கள், "வேண்டாம்" என்று சொல்வது அப்போதுதான் சுலபம். ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று எழுதிக் கொடுங்கள். நாங்கள் இப்போது பெரும்பாலும் கைகளை, கருவிகளை, பெற்றோர் எழுதிய மருந்து அட்டவணையைப் படம் எடுக்கிறோம். ஒரு நாளைக்குப் பதினேழு வேளை மருந்து என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருந்த ஒரு பக்கத்தைப் போட்டபோது வந்த நன்கொடை, அதற்கு முன் எந்தக் குழந்தையின் முகத்துக்கும் வந்ததில்லை.

11. ஒரு குழந்தை இறக்கும்போது

இறக்கும். இந்த வேலையில் இருந்தால் அது நடக்கும், அதற்கு முன்பே ஏற்பாடு இருக்க வேண்டும். கருவியைத் திரும்பக் கேட்டு யாரும் போன் செய்யக் கூடாது. அடுத்த குடும்பம் காத்திருந்தாலும் சரி, வேறு ஒன்றைத் தேடுங்கள். சில வீடுகளில் மறுநாளே எடுத்துக்கொண்டு போங்கள் என்பார்கள், சில வீடுகளில் ஒரு வருடம் அந்த அறையைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் சொல்லும் நாள்தான் நாள். பிறந்தநாள் வாழ்த்து தானாகப் போகும்படி வைத்திருந்தால் அந்தப் பட்டியலிலிருந்து பெயரை அன்றே எடுங்கள். எங்களிடமிருந்து ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு வாழ்த்து போய்விட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம், அந்த அம்மா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் பெற்றோர் குழுவிலிருந்து அவர்களை நீங்களாக நீக்காதீர்கள். குழந்தையோடு சேர்ந்து, பழகிய மருத்துவர்கள், செவிலியர்கள், அதே நேரத்தில் விழித்திருந்த நண்பர்கள் எல்லோரையும் ஒரே வாரத்தில் இழக்கிறார்கள். இருப்பதா போவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். உதவியை ஒரு வருடம் தொடர்வதென்று விதியில் எழுதியிருக்கிறோம், அது பெரும்பாலும் கடன் பாக்கிக்கும், கூடப் பிறந்த பிள்ளைகளுக்கும் போகிறது.

12. நடத்துபவர் இல்லாத நாள்

இந்த அறக்கட்டளைகளைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள்தான். எல்லாம் அவர்கள் தலையில் இருக்கும்: எந்தக் குழந்தைக்கு எந்த அளவு, எந்த வீட்டில் யார் கோபக்காரர், எந்தக் கடையில் கடன் சொல்லலாம். அவர்கள் குழந்தை மருத்துவமனையில் சேரும் நாளில் அறக்கட்டளையும் கூடவே சேர்ந்து படுத்துவிடும். ஆகவே தொலைபேசி எண் அறக்கட்டளையின் பெயரில் இருக்கட்டும், வாரத்துக்கு ஒருவர் கையில் மாறட்டும். கடவுச்சொற்கள் மூடிய உறையில் இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், புதிதாக வந்தவரும் எடுத்துப் படித்துப் புரிந்துகொள்ளும்படி. அலுவலக வேலைக்கு ஒருவரையாவது சம்பளத்துக்கு வையுங்கள். நிர்வாகச் செலவு பூஜ்யம் என்று பெருமை அடிப்பவர்கள் அந்தச் செலவை யாரோ ஒரு அம்மாவின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருடம் அக்கா மறுபடி மகனோடு ஐசியுவில் பதினோரு நாள் இருந்தார். மூன்றாம் நாள் ஒரு நன்கொடையாளர் போன் செய்து, சக்‌ஷன் குழாய்கள் நிறைய இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டார். அந்த வாரம் போன் வைத்திருந்தவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண். பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "8 இருந்தால் ஆறு வீட்டுக்கு வேண்டும், 10 இருந்தால் இரண்டு வீட்டுக்கு. 14 யாருக்கும் வேண்டாம் சார், காலாவதித் தேதியை மட்டும் படம் எடுத்து அனுப்புங்க" என்றாள்.